காவலர் வந்தால் கைதுதானா?

சென்ற கார்த்திகை மாதத்தில் ஓர் இரவு எங்கள் தெருவே விழித்திருந்தது. சபரிமலைக்கு மாலை போட்டிருந்த ஒருவர், பல ஆண்டுகளாகக் குடித்து வந்தவர், மூன்று நாட்களுக்கு முன்புதான் குடியை ஒரேயடியாக நிறுத்தியிருந்தார். அன்றிரவு அவர் கைகள் நடுங்கின. சுவரில் பூச்சிகள் ஊர்வதாகக் கத்தினார். பெற்ற மகளையே அடையாளம் தெரியாமல் விரட்டினார். "பேய்தான் பிடித்திருக்கிறது" என்றார் ஒரு பாட்டி. நான்கு பேர் சேர்ந்து அவரை வேப்பமரத்தில் கட்டினார்கள்.

யாரோ 100-க்குச் சொல்ல, காவலர் இருவர் வந்தனர். அடித்து இழுத்துப் போவார்கள் என்றே நாங்கள் பயந்தோம். மூத்தவரான ஏட்டையா முதலில் கூட்டத்தை விலக்கினார். கயிற்றை அவிழ்க்கச் சொல்லி, அவர் தோளைப் பிடித்து மெதுவாகப் பேசினார். பிறகு 108 வண்டியை அழைத்தார். அந்த மனிதர் இன்று நலமாகத் தறியில் வேலை செய்கிறார். அவர் மகள் எங்கள் தோழி. அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறோம்.

அவருக்கு வந்தது பேயன்று, நோய். நெடுநாள் குடித்தவரின் மூளை மதுவுக்குப் பழகிவிடுகிறது. திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாட்களில் நடுக்கம், வலிப்பு, இல்லாதவை கண்ணுக்குத் தெரிவது ஆகியவை வரலாம். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே குடியை விடுவோர் மருத்துவர் யோசனையோடு விடுவதே நல்லது.

அன்று ஏட்டையா செய்தது இரக்கச் செயல் மட்டுமன்று, சட்டம் சொல்லும் வழியும் அதுவே. 1912-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே 'பைத்தியம்' என்ற சொல் இருந்தது. பின்னர் 1987-இல் ஒரு சட்டமும், 2017-இல் மனநலப் பாதுகாப்புச் சட்டமும் வந்தன. மதுப் பழக்கத்தால் ஏற்படும் மனநிலைப் பாதிப்பையும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் மனநோயாகவே கருதுகிறது. அதன் 100-வது பிரிவு காவலரின் கடமைகளைக் கூறுகிறது. மனநோயால் தன்னைக் காத்துக்கொள்ள இயலாமல் திரிபவரையும், தமக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கக் கூடியவரையும் காவலர் தம் பாதுகாப்பில் எடுக்க வேண்டும். காரணத்தை அவருக்கு விளக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். லாக்கப்பிலோ சிறையிலோ அடைக்கக் கூடாது. வீடற்றவரானால் அவர் குடும்பத்தைத் தேடுவதும் காவல் நிலையத்தின் பொறுப்பு.

மனநோயாளரைச் சங்கிலியால் கட்டுவதையும் இச்சட்டம் தடை செய்கிறது. அதன் அவசியத்தை நமக்குப் பக்கத்து இராமநாதபுரம் மாவட்டம் அறியும். 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலை ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட வழியின்றித் தவித்தனர். 28 பேர் மாண்டனர். அன்று வேப்பமரத்தில் கட்டிய கயிற்றை நினைக்கும்போது எங்களுக்கு ஏர்வாடியும் நினைவுக்கு வருகிறது.

அப்படியானால் குடித்துவிட்டு மனைவி மக்களை அடிப்பவரையும் நோயாளி என்று விட்டுவிடலாமா? கூடாது. அடிப்பது குற்றம். அதற்குக் காவலர் வழக்குப் பதியலாம். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 என்ற எண்கள் உள்ளன. குற்றத்துக்கு வழக்கு, நோய்க்கு மருந்து. இரண்டும் ஒருவருக்கே தேவைப்படலாம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சாலையோரம் கிடப்பவரைக் 'குடிகாரன்' என்று சொல்லித் தாண்டிப் போகிறோம். அவர் தலையில் அடிபட்டிருக்கலாம். சர்க்கரை குறைந்து மயங்கியிருக்கலாம். மூச்சு இருக்கிறதா என்று பார்த்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108-ஐ அழைக்க வேண்டும். திருச்சுழிப் பக்கத்துச் சிற்றூர்களில் இரவில் வண்டி வந்து சேர நேரமாகும். அதனால் பார்த்தவர் உடனே சொல்வது மிக முக்கியம்.

அன்புத் தோழியரே! மனம் கலங்கியவரைக் கண்டால் கூட்டம் கூடிச் சிரிக்காதீர்கள். பெரியவர்களிடம் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம். வீட்டில் இத்துன்பம் உள்ள தோழி, வகுப்பில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கக் கூடும். அவள் அருகில் போய் உட்காருவோம். அதற்குச் சட்டம் எதுவும் தேவையில்லை.