துணி ஏன் தகரம்போல் அசைகிறது?

எங்கள் பள்ளி போடிநாயக்கனூரில் இருக்கிறது. இங்கு படிக்கும் பிள்ளைகள் பலரின் தாய்மார்கள் விடியும் முன்பே ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குக் காயெடுக்கப் போகிறவர்கள். சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் சிலர் 'பிளெண்டர்' என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு, அந்தப் பெண்களைப் பற்றி ஒரு நிமிட அசைவூட்டப் படம் செய்ய முனைந்தார்கள். உருவம் வந்தது, செடி வந்தது, பனிமூட்டம்கூட வந்தது. துணிதான் வரவில்லை. குனிந்து நிமிரும் பெண்ணின் மேல் சேலை தகரத்தை வளைத்து ஒட்டியதுபோல் நின்றது.

கை, கால் அசைவைக் கையாலேயே அமைத்துவிடலாம். கை கீழே இருக்கும் நிலை ஒன்று, மேலே இருக்கும் நிலை ஒன்று கொடுத்தால் இடைப்பட்ட படங்களைக் கணினி நிரப்பிக்கொள்ளும். துணிக்கு அப்படி இரண்டு நிலைகள் கிடையாது. நடிகரின் அசைவைப் பதிவு செய்து உருவாக்கும் படங்களிலும் இதே சிக்கல்தான். 2014-இல் வெளிவந்த 'கோச்சடையான்' அத்தகைய படம். இம்முறையில் நடிகர் உடலோடு ஒட்டிய உடையில் குறிகளை அணிந்து நடிக்கிறார். பதிவாவது உடலின் அசைவு மட்டுமே. அரசரின் அங்கவஸ்திரம் படப்பிடிப்புத் தளத்தில் இருப்பதே இல்லை. பிறகுதான் அதைக் கணக்குப் போட்டு உண்டாக்க வேண்டும்.

கணக்கு எங்கே தொடங்குகிறது என்பதை வகுப்பில் காட்ட ஒரு பருத்தித் துண்டு போதும். ஆண்டிபட்டியை அடுத்த சக்கம்பட்டியில் தறி ஓடுவதைப் பார்த்த பிள்ளைகளுக்குப் பாவும் ஊடையும் தெரியும். துண்டைப் பாவு நூல் போகும் திசையில் இழுக்கச் சொல்லுங்கள், அநேகமாக நீளாது. ஊடைத் திசையிலும் அப்படித்தான். இப்போது எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுக்கச் சொல்லுங்கள். துண்டு நீளும், நடுவில் ஒடுங்கும். தையல்காரர்கள் கழுத்துப் பட்டிக்குத் துணியைக் 'கிராஸாக' வெட்டுவது இதனால்தான். மூன்றாவதாக, துண்டை மடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மடிக்க மிகக் குறைந்த விசையே போதும், ஆனாலும் சிறிது எதிர்ப்பு உண்டு. பட்டுக்கும் ஜீன்ஸுக்கும் அந்த எதிர்ப்பு வேறு.

கணினி இந்த மூன்றையும் மூன்று வகைச் சுருள்வில்களாக வைத்துக்கொள்கிறது. துணியைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு முனையிலும் சிறிது நிறையுள்ள ஒரு புள்ளியை வைக்கிறோம். பக்கத்துப் புள்ளிகளை இணைப்பவை பாவும் ஊடையும், இவை இறுக்கமானவை. மூலைவிட்டமாக இணைப்பவை தளர்ந்தவை. ஒரு புள்ளியைத் தாண்டி அடுத்ததை இணைப்பவை மடிப்பைத் தடுப்பவை, மிக மெலிந்தவை. விசை எல்லாவற்றுக்கும் 1678-இல் ராபர்ட் ஹூக் வெளியிட்ட விதிதான்: எவ்வளவு நீட்டுகிறோமோ அதற்கேற்ற இழுவை. அதோடு புவியீர்ப்பையும் காற்றையும் கூட்டி நியூட்டனின் இரண்டாம் விதியில் இட்டால் ஒவ்வொரு புள்ளியும் அடுத்து எங்கே போகும் என்பது கிடைக்கும். பத்தாம் வகுப்பு ஆசிரியருக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. எண்ணிக்கைதான் மலைப்பு.

20-க்கு 20 என்று 400 புள்ளிகளே உள்ள கைக்குட்டையை எடுத்துக்கொள்வோம். மூன்று வகையும் சேர்த்து 760, 722, 720 என 2,202 வில்கள். நொடிக்கு 24 படங்கள், படத்துக்கு 5 தாவல்கள் என்றால், ஒரு நொடி அசைவுக்கு 2,64,240 முறை ஹூக் விதி. வில்களை எண்ணும் வேலையை எட்டாம் வகுப்புக்கே கொடுக்கலாம். 760 எப்படி வந்தது என்று கண்டுபிடிக்க அவர்களுக்குப் பிடிக்கிறது.

எங்கள் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் வேடிக்கை ஒன்றைக் கண்டார்கள். துணி ரப்பர்போல் தொங்குகிறதே என்று வில்களின் இறுக்கத்தைக் கூட்டினார்கள். துணி நடுங்கி, முட்களாகச் சிதறி, திரையை விட்டே போய்விட்டது. இறுக்கினால் ஏன் வெடிக்க வேண்டும்? கரும்பலகையிலேயே காட்டலாம். ஒரு புள்ளி தன் இடத்திலிருந்து 8 செ.மீ. விலகி நிற்கிறது. ஒவ்வொரு தாவலிலும் விலகலில் பாதி அளவு திருப்பி இழுக்கப்பட்டால் 8, 4, 2, 1 என்று அடங்கும். வில்லை இறுக்கி, இழுவை விலகலைப்போல் மூன்று மடங்கு ஆனது என்று வைத்துக்கொள்ளுங்கள். 8-இலிருந்து 24-ஐக் கழித்தால் −16. அங்கிருந்து மறுபக்கம் 32. பிறகு −64, 128. இதுதான் வெடிப்பு. இயற்கையில் வில் கணத்துக்குக் கணம் தன் இழுவையை மாற்றிக்கொள்கிறது. நாம் தாவித் தாவிக் கணக்கிடுவதால் வந்த வினை.

தாவலைச் சிறிதாக்குவது ஒரு வழி. ஆனால் கணினி நாள்கணக்கில் ஓட வேண்டியிருக்கும். 1998-இல் டேவிட் பாரஃப், ஆண்ட்ரூ விட்கின் என்ற இருவர் எழுதிய ஆய்வுக்கட்டுரை இன்னொரு வழியைத் துணிக்குப் பொருத்திக் காட்டியது. இழுவையை இப்போதைய விலகலைக் கொண்டு கணக்கிடாமல், போய்ச் சேரப்போகும் விலகலைக் கொண்டு கணக்கிடுவது. புதிய விலகல் 'அ' என்றால், அ = 8 − 3அ. ஆகவே 4அ = 8, அ = 2. அடுத்த தாவலில் 0.5. அதே இறுக்கம், அதே தாவல், வெடிப்பு இல்லை. தெரியாத ஒன்றை இருபுறமும் வைத்துச் சமன்பாடு தீர்க்கும் பழக்கம் இவ்வளவு தூரம் வருகிறது! விலை உண்டு: 400 புள்ளிகளுக்கு மூன்று திசைகள் வீதம் 1,200 சமன்பாடுகளை ஒரே நேரத்தில் தீர்க்க வேண்டும். ஆனாலும் பெரிய தாவல்கள் எடுக்க முடிவதால் மொத்தத்தில் லாபம்தான்.

காற்று இதைவிட எளிது. துணியின் ஒவ்வொரு சிறு பரப்பும் காற்றுக்கு நேராக நின்றால் முழு உந்தல். ஒருக்களித்து நின்றால் உந்தல் குறைவு. தள்ளப்பட்ட பரப்பு திரும்பிக்கொள்கிறது, உந்தல் குறைகிறது, மீண்டும் விழுகிறது. ஆடிக் காற்றில் கொடியில் காயும் வேட்டியை இரண்டு நிமிடம் பார்த்தால் போதும்.

மாணவர்கள் இதையெல்லாம் சரிசெய்து, தலைத்துண்டு அழகாகப் பறக்கும் காட்சியை உருவாக்கினார்கள். அதைக் கைப்பேசியில் பார்த்த ஒரு மாணவியின் தாய், "மலையில துண்டு எங்க பறக்குது? செடிக்குள்ள நுழைஞ்சா இலைத் தண்ணி பூரா மேலதான். ஊறித் தலையோட ஒட்டிக்கெடக்கும்" என்றாராம். இரண்டு வாரம் உழைத்த பிள்ளைகளுக்கு வருத்தம். எனக்கோ, அந்தப் படத்துக்குக் கிடைத்த மிகச் சிறந்த அறிவியல் விமர்சனம் அதுதான் என்று தோன்றியது. மென்பொருளில் பருத்தி, பட்டு, ஜீன்ஸ் துணி, தோல், ரப்பர் என்று ஆயத்த அளவுகள் இருக்கின்றன; நனைந்த துண்டு இல்லை. பிள்ளைகள் ஒரே துண்டை உலர்ந்தபோதும் நனைத்துப் பிழிந்தபோதும் எடைபோட்டு, அந்த மடங்கில் நிறையைக் கூட்டினார்கள். துண்டு கனத்துத் தொங்கியது. தலையோடு ஒட்டிக்கொள்ள உராய்வையும் கூட்ட வேண்டியிருந்தது.

மிஞ்சியது மோதல். துணி உடலுக்குள் புகக்கூடாது, தனக்குள்ளும் புகக்கூடாது. ஐந்தரை மீட்டர் நீளம், 110 செ.மீ. அகலம் உள்ள சேலையில் செ.மீ.-க்கு ஒரு புள்ளி வைத்தால் 60,500 புள்ளிகள். எது எதோடு மோதுகிறது என்று ஒவ்வோர் இணையாகச் சோதித்தால் 183 கோடி இணைகள், அதுவும் ஒரு தாவலுக்கு. அதனால் வெளியைச் சிறு பெட்டிகளாகப் பிரித்து, ஒரே பெட்டியிலும் அடுத்த பெட்டியிலும் உள்ளவற்றை மட்டும் சோதிக்கிறார்கள். வகுப்பில் சண்டை என்றால் பக்கத்துப் பெஞ்சை மட்டும் விசாரிப்பதுபோல.

இதில் சேலைக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. சட்டையை வெட்டிய துண்டுகளாக வரைந்து, ஓரங்களை மென்பொருளிலேயே தைத்துவிடலாம். சேலையில் தையலே கிடையாது. செருகலும் கொசுவமும் உராய்வும்தான் அதைத் தாங்குகின்றன. உராய்வுக் கணக்கு சற்றுப் பிசகினாலும் கொசுவம் அவிழ்ந்து கீழே விழும். ஆய்வகக் கணினியில் எங்களால் அதைத் தீர்க்க முடியவில்லை. தீர்க்க வேண்டிய தேவையும் வரவில்லை. காயெடுக்கும் பெண்கள் சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டு, ஈரத்துக்காக இடுப்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டுவார்கள். கொசுவம் அதற்குள் மறைந்துவிட்டது. தாளுக்கு வளைவெதிர்ப்பு அதிகம் வைக்க வேண்டும் என்று பிள்ளைகளே சொன்னார்கள்.