கோபமா, கணக்கா? தாமிரபரணிக் கரையில ரெண்டு கொலைகள்

"ஒரு சாதாரண மனுஷன் எப்படிக் கொலைகாரன் ஆகுறான்?"னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. இதுக்கு வெளிநாட்டு சீரியல் கில்லர் கதை எல்லாம் வேண்டாம். தூத்துக்குடி மாவட்டத்துல, ஒரே ஆத்தங்கரையில நடந்த ரெண்டு வழக்கைப் பார்ப்போம்.

முதல்ல ஏரல். அமாவாசைன்னா சேர்மன் சாமி கோயில்ல கூட்டம் அள்ளுமே, அதே ஊர்தான். 2021 பிப்ரவரி 1, விடியறதுக்கு முன்னாடி. ஏரல் காவல் நிலைய சப்-இன்ஸ்பெக்டர் பாலு, இன்னொரு போலீஸ்காரரோட பைக்ல ரோந்து போயிட்டு இருந்தார். குடிச்சிட்டுத் தகராறு பண்ணின ஒருத்தரை சில மணி நேரத்துக்கு முன்னாடிதான் அவர் கண்டிச்சிருந்தார். அந்த ஆளே சரக்கு வண்டியை எடுத்துட்டு வந்து மோதினார்னு போலீஸ் சொன்னது. பாலு இறந்துட்டார்.

இதுல என்ன லாபம்? ஒரு பைசா கிடையாது. மாட்டாம தப்பிக்க வழியும் இல்ல. அப்புறம் ஏன்?

மார்வின் வுல்ஃப்காங்னு ஒரு ஆய்வாளர், அமெரிக்காவோட பிலடெல்பியா நகரத்துல 1948-ல இருந்து 1952 வரைக்கும் நடந்த 588 கொலைகளை எடுத்து அலசினார். அதிகமா வந்த காரணம் சொத்துத் தகராறும் இல்ல, கள்ளக்காதலும் இல்ல. ஒரு திட்டு, ஒரு தள்ளு, "என்னைப் பார்த்து அப்படிச் சொல்லிட்டான்"ங்கிற மாதிரி அற்பமான சண்டைகள்தான். கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்கு கொலைகள்ல, கொன்னவரோ செத்தவரோ குடிச்சிருந்தாங்க. நாலு பேர் முன்னாடி மானம் போச்சுன்னு நினைக்கிறவனுக்கு, அது மேல மதுவும் சேர்ந்தா, அந்த அவமானம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். நாளைக்கு ஜெயில், வீட்டுல பிள்ளைங்க, எல்லாமே மங்கிடும்.

இப்ப ஆத்தோட மேற்க போங்க. ஸ்ரீவைகுண்டம் தாண்டி முறப்பநாடு. 2023 ஏப்ரல் 25. கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸை அவரோட ஆபீஸுக்குள்ளேயே புகுந்து, பட்டப்பகல்ல வெட்டினாங்க. மணல் கடத்தல் பத்தி அவர் போலீஸ்ல புகார் கொடுத்திருந்தார். அதுதான் காரணம்.

இங்க வேற கதை. 2010-ல தோழர் நல்லகண்ணு மதுரை உயர் நீதிமன்றக் கிளையில தானே வாதாடி, தாமிரபரணியில மணல் அள்ள அஞ்சு வருஷத் தடை வாங்கினார். அவசியமான தடைதான், சந்தேகமே இல்ல. ஆனா வீடு கட்டுறவன் கட்டிக்கிட்டுதானே இருக்கான்? சரக்கு குறைஞ்சா விலை ஏறும், திருட்டுக்கும் மவுசு ஏறும். பொருளாதார மேதை கேரி பெக்கர் 1968-லயே எழுதினது இதைத்தான்: கிடைக்கிற லாபத்தையும், மாட்டுற வாய்ப்பையும், தண்டனையையும் எடை போட்டுப் பார்த்துதான் பல பேர் குற்றத்துக்கு இறங்குறாங்க.

ஆனா எடை போட்டா மட்டும் போதாது. மனசாட்சியை வேற சமாளிக்கணுமே! அமெரிக்க சமூகவியலாளர்கள் சைக்ஸும் மாட்சாவும் 1957-ல சொன்ன விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். குற்றம் செய்யுறவனுக்கும் நல்லது கெட்டது தெரியும், அதனாலேயே முன்கூட்டியே ஒரு சாக்கு தயார் பண்ணிக்குவான். நம்ம ஊர்ப் பேச்சுல சொன்னா, "ஆத்து மணல் எவன் அப்பன் வீட்டுச் சொத்து? பெரியவங்க லாரியில அள்ளுறாங்க, நான் சாக்குல அள்ளினா குத்தமா?" அப்படிப் பழகினவன் கண்ணுக்குப் புகார் கொடுக்குற அதிகாரி, பிழைப்பைக் கெடுக்குற எதிரியாத்தான் தெரிவார்.

இதை எல்லாம் விட்டுட்டு "அது ரத்தத்துலயே இருக்கு"ன்னு ஜாதியைச் சொல்றவங்க இன்னும் இருக்காங்க. வெள்ளைக்காரன் அதைச் சட்டமாவே போட்டான். 1871-ல வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-ல மதராஸ் மாகாணத்துக்கும் வந்தது. தப்பே பண்ணாதவங்க கூட ஸ்டேஷன்ல போய் ரேகை வைக்கணும். 1947-லதான் இங்க அது ஒழிஞ்சது. பிறப்பை வெச்சுப் பார்த்தா, ஒரே ஜாதியில, ஒரே தெருவுல பொறந்த மத்தவங்க ஏன் கொலை பண்ணல?

"தண்டனையைக் கடுமையாக்கு"ன்னு சொன்னா, ஏரல்ல அந்த ராத்திரி வண்டி ஓட்டினவருக்கு அது உறைச்சிருக்குமான்னு எனக்குச் சந்தேகம். கணக்குப் போடுறவனுக்கு உறைக்கும். அதுவும் தண்டனை எவ்வளவு பெருசுங்கிறதை விட, நிச்சயமா மாட்டுவோம்ங்கிறதுதான் உறைக்கும். முறப்பநாடு வழக்குல அஞ்சு மாசத்துக்குள்ள, 2023 செப்டம்பர்லயே, ரெண்டு பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்துட்டாங்க. அந்த வேகம் கொலைக்கு. அவர் கொடுத்த மணல் புகாருக்கு அந்த வேகம் இருந்திருந்தா, கொலை வரைக்கும் போயிருக்குமா?