காற்றைக் காக்கும் ஆலோசனை

குளிர்காலத்தின் விடியற்பொழுதில் மாட்டுங்கா இரயில் நிலைய மேம்பாலத்தின்மீது நின்று கிழக்குத் திசையை நோக்கியிருக்கிறீர்களா? தொலைவிலுள்ள கட்டடங்களின் மேல்மாடிகள் சில நாள்களில் மங்கலாகத் தெரியும். அதனைப் பனி என்று கூறுவோர் உண்டு. அது பனி மட்டுமன்று. புகையும் தூசியும் கலந்த மூட்டம் ஆகும். தாராவியின் பானைச் சூளைகள், செம்பூரை அடுத்த ஆலைகள், நகரெங்கும் ஓடும் ஊர்திகள், எழும்பிக்கொண்டிருக்கும் கட்டடங்கள் ஆகிய அனைத்திற்கும் அதில் பங்குண்டு.

இம்மூட்டத்தைக் குறைக்க ஆணையிடும் அதிகாரம் அரசிடம் உள்ளது. ஆனால், எதனை முதலில் செய்வது, எவ்வாறு செய்வது என்று அரசுக்கு எடுத்துரைப்பவர் யார்? அவரே காற்றுத் தர மேலாண்மையின் மூத்த ஆலோசகர். அவர்தம் பணி எத்தகையது என்பதை இப்பாடத்தில் அறிவோம்.

எல்லை அறியாத காற்று

மும்பை மாநகராட்சி தன் நிருவாகத்திற்காக நகரை வார்டுகளாகப் பிரித்துள்ளது. மாட்டுங்கா எஃப் வடக்கு வார்டிலும், தாராவி ஜி வடக்கு வார்டிலும், செம்பூர் எம் மேற்கு வார்டிலும் அமைந்துள்ளன. குப்பை அள்ளுவதற்கும் குடிநீர் வழங்குவதற்கும் இப்பிரிவு பயன்படும். காற்றோ இக்கோடுகளை அறியாது. பகலில் கடற்காற்று மேற்கிலிருந்து நிலத்தை நோக்கி வீசும். இரவில் நிலக்காற்று கடலை நோக்கித் திரும்பும். ஒரு வார்டில் எழுந்த புகை மறு வார்டின் பள்ளிக்கூடத்தில் நுழையும். தானே, நவி மும்பை ஆகியவை தனித்தனி மாநகராட்சிகள். எனினும் அவற்றின் மக்கள் மூச்சுவிடும் காற்று ஒன்றே.

ஒரு மலைச்சரிவில் பெய்யும் மழை பல ஓடைகளாக ஓடி ஓர் ஆற்றில் சேர்வதை நாம் அறிவோம். அவ்வாறே ஒரு நிலப்பரப்பின் புகையனைத்தும் கலந்து பொதுவாகும் பகுதியைக் காற்றுப்படுகை என்பர். காற்றைத் தூய்மை செய்ய விரும்புவோர் வார்டை மட்டும் நோக்காமல் காற்றுப்படுகை முழுவதையும் நோக்க வேண்டும். தில்லியைச் சூழ்ந்த பகுதிக்காக 2021ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இவ்வுண்மையை ஏற்றுக்கொண்டது. தில்லியோடு அரியானா, பஞ்சாப், இராசசுத்தான், உத்தரப்பிரதேசம் ஆகியவற்றின் அண்டைப் பகுதிகளுக்கும் பொதுவாக ஒரு காற்றுத் தர மேலாண்மை ஆணையம் அதன்வழி அமைந்தது.

அளந்தறிதல்

ஆலோசகரின் முதற்கருவி அளவு. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம், அறிவியலறிஞர் குஃப்ரான் பெய்க் தலைமையில் ‘சஃபர்’ என்னும் அமைப்பை உருவாக்கியது. அது 2010இல் தில்லியிலும் 2015இல் மும்பையிலும் செயற்படத் தொடங்கியது. செம்பூரிலும் தாராவியை அடுத்த பாந்திரா குர்லா வளாகத்திலும் பிற இடங்களிலும் கருவிகளை நிறுவி, காற்றின் நிலையை அறிவதோடு வரும் நாள்களின் நிலையையும் முன்கூட்டியே கூறுவது அதன் பணி.

இக்கருவிகள் அளப்பவற்றுள் முதன்மையானது பி.எம். 2.5 என்னும் நுண்துகள். அதன் விட்டம் 2.5 மைக்ரோமீட்டர் அல்லது அதற்கும் குறைவு. மனிதத் தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்கைவிட அது சிறியது. மூக்கின் மயிர்களால் அதனைத் தடுக்க இயலாது. அது நுரையீரலின் ஆழம்வரை செல்லும். ஒரு கனமீட்டர் காற்றில் இத்துகள் ஆண்டுச் சராசரியாக 40 மைக்ரோகிராமுக்கு மிகலாகாது என்பது இந்திய அரசு 2009இல் வகுத்த வரம்பு. உலக நலவாழ்வு நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த அளவோ 5 மைக்ரோகிராம் மட்டுமே.

பொதுமக்கள் எளிதில் அறிவதற்காக 2015ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் தேசியக் காற்றுத் தரக் குறியீடு அறிமுகமானது. குறியீடு 50 வரை இருந்தால் காற்று நன்று; 200ஐத் தாண்டினால் மோசம்; 400ஐத் தாண்டினால் கடுமை.

அளவுகோலுக்கு அப்பால்

எண்ணைப் படித்துக் கூறுவதோடு ஆலோசகரின் பணி முடிந்துவிடுமா? முடியாது. செம்பூரின் வரலாறு இதற்குச் சான்று.

செம்பூரை அடுத்த திராம்பேயில் 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் தொடங்கப்பெற்றன. பின்னர் உரத் தொழிற்சாலையும் வந்தது. நாளடைவில் ‘நச்சுப்புகைக் கூடம்’ என்று மக்கள் அப்பகுதியைக் குறிப்பிடத் தொடங்கினர். ஆலைகளை ஒட்டிய மாகுல் பகுதி மக்கள், கடும் நெடியால் மூச்சுத் திணறுவதாகப் பல்லாண்டுகள் முறையிட்டனர். கே.இ.எம். மருத்துவமனையின் மருத்துவர்கள் அம்மக்களிடையே ஆய்வு நடத்தினர். அப்பகுதியின் காற்று மக்கள் உடல்நலத்திற்கு அச்சுறுத்தலாக உள்ளது என்பதைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் ஏற்றுக்கொண்டது.

இங்கு ஒன்றை உன்னிப்பாக நோக்குங்கள். காற்றுத் தரக் குறியீடு எட்டுப் பொருள்களை மட்டுமே கணக்கில் கொள்கிறது. எண்ணெய்க் கிடங்குகளிலிருந்து ஆவியாகும் பென்சீன், தொலுவீன் முதலியவை அந்த எட்டில் அடங்கா. ஆகவே, குறியீடு மிதமானதாகக் காட்டும் நாளிலும் ஒரு தெருவின் காற்று தீமை பயக்கக்கூடும். நல்ல ஆலோசகர், “கருவி என்ன காட்டுகிறது?” என்று கேட்பதோடு நில்லார், “கருவி எதனைக் காட்டவில்லை?” என்றும் கேட்பார். மக்களின் இருமலையும் ஒரு சான்றாகக் கொள்வார்.

உண்மையை உரைத்தல்

கடல்கடந்த நாடொன்றின் நிகழ்ச்சியும் நமக்குப் பாடமாகும். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரை 1943ஆம் ஆண்டு கண்ணெரிச்சல் தரும் மூட்டம் சூழ்ந்தது. செயற்கை இரப்பருக்கான மூலப்பொருளைச் செய்யும் ஆலையே காரணம் என்று மக்கள் கருதினர். ஆலை நிறுத்தப்பட்டது, மூட்டமோ நீங்கவில்லை.

அந்நாளில் அரி ஹாகன்-ஸ்மிட் என்னும் வேதியியலறிஞர் அன்னாசிப்பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். காற்று மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திற்கு அவர் ஆலோசகரானார். ஊர்திகளின் புகையும் எண்ணெய் ஆலைகளின் ஆவியும் கதிரவன் ஒளியில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்று அவர் கண்டார். எண்ணெய் நிறுவனங்கள் இம்முடிவை ஏற்க மறுத்தன. அவர் சினந்து ஒதுங்காமல் மேலும் ஆய்வுகள் செய்து தம் கூற்றை நிறுவினார். கலிபோர்னிய மாநிலக் காற்றுவள வாரியம் தொடங்கப்பெற்றபோது அவரே அதன் முதல் தலைவரானார். பின்னர் 1977இல் லாஸ் ஏஞ்சலஸ் உள்ளிட்ட நான்கு மாவட்டங்களின் பகுதிகளுக்கும் பொதுவான ஒரே காற்றுத் தர மேலாண்மை அமைப்பு பிறந்தது.

ஆலோசகருக்கு ஆணையிடும் அதிகாரம் இல்லை. அபராதம் விதிக்கவும் அவரால் இயலாது. சான்றும், அதனை அஞ்சாது எடுத்துரைக்கும் துணிவுமே அவருடைய வலிமை. திருக்குறளில் ‘பெரியாரைத் துணைக்கோடல்’ என்பது ஓர் அதிகாரம். தவற்றைச் சுட்டிக்காட்டும் பெரியோரின் துணை ஆள்வோர்க்குத் தேவை என்று அது வலியுறுத்துகிறது. அரசர்க்குச் சொன்ன அக்கருத்து இன்றைய மாநகராட்சிக்கும் பொருந்தும்.

பிழைப்பும் மூச்சும்

ஆலோசனை கூறுவதில் மிகக் கடினமான பகுதி இனித்தான் வருகிறது. தாராவியின் கும்பார்வாடாவில் குயவர் குடும்பங்கள் தலைமுறைகளாகப் பானையும் அகல்விளக்கும் வனைகின்றன. சூளையின் புகை அருகிலுள்ள வீடுகளில் படிகிறது. குயவரின் பிள்ளைகளே அதனை முதலில் சுவாசிக்கின்றனர். சூளையை மூடினால் புகை நீங்கும், அடுப்பும் அணைந்துவிடும்.

நகரின் பேக்கரிகளிலும் இதே சிக்கல் உண்டு. நாம் உண்ணும் பாவ் ரொட்டி பல இடங்களில் விறகடுப்பில் வேகிறது. விறகையும் கரியையும் கைவிட்டு, ஆறு மாதங்களுக்குள் எரிவாயு போன்ற தூய எரிபொருளுக்கு மாறவேண்டும் என்று மும்பை உயர்நீதிமன்றம் 2025ஆம் ஆண்டு சனவரியில் ஆணையிட்டது. ஆணை பிறந்ததும் வேறு வினாக்கள் எழுகின்றன. புதிய அடுப்பிற்கான செலவை யார் ஏற்பது? குறுகிய சந்துகளுக்கு எரிவாயுக் குழாய் எப்போது வரும்? அதுவரை தொழிலாளர் எவ்வாறு பிழைப்பர்?

“மூடுங்கள்” என்று கூறுவது எளிது. “ஒன்றும் செய்ய இயலாது” என்று கூறுவது அதனினும் எளிது. இவ்விரண்டிற்கும் இடையே நடைமுறைக்கு உகந்த வழியைக் காட்டுவதே மூத்த ஆலோசகரின் கடமை. எளியோரின் சூளையை மட்டும் கண்டித்து, பெரிய ஆலைகளையும் கட்டடத் தூசியையும் காணாதிருப்பது நடுநிலை ஆகாது. 2023ஆம் ஆண்டு அக்டோபரில் மும்பை மாநகராட்சி, ஓர் ஏக்கருக்கு மேற்பட்ட கட்டுமானத் தளங்களைச் சுற்றி 35 அடி உயரத் தகடுகள் நிறுத்தவேண்டும் என்று விதித்தது. அத்தகைய விதிகள் காகிதத்தில் உள்ளனவா, களத்தில் உள்ளனவா என்று கண்டு கூறுவதும் ஆலோசகரின் பொறுப்பே.

நாம் செய்யத்தக்கது

வேதியியல், மருத்துவம், சட்டம், பொருளியல் ஆகியவற்றுள் எதனைக் கற்றவரும் இப்பணிக்கு வரலாம். எனினும், தெருவை அறிந்தவரின் அறிவு தனிச்சிறப்புடையது. எந்த நேரத்தில் நெடி வருகிறது, எந்தச் சந்தில் குப்பை எரிகிறது என்பதை அங்கு வாழ்வோரே அறிவர். தமிழும் மராத்தியும் இந்தியும் பேசும் நீங்கள், பாட்டியின் இருமலையும் அதிகாரியின் அறிக்கையையும் ஒருங்கே புரிந்துகொள்ள வல்லவர்கள். இன்று ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் காற்றின் நிலையை எழுதத் தொடங்குங்கள். நாளை உங்கள் பகுதிக்காக ஒருவர் பேச நேரும்போது, கையில் சான்றோடு பேசுபவர் உங்களுள் ஒருவராக இருக்கட்டும்.

சொற்பொருள்

மூட்டம் – பார்வையை மறைக்கும் புகைப்படலம்
உன்னிப்பாக – கூர்ந்த கவனத்தோடு
வனைதல் – மண்ணால் கலம் செய்தல்
சூளை – மட்கலம் சுடும் உலை
நடுநிலை – ஒருபாற் சாயாத தன்மை

சிந்தித்து எழுதுக

1. காற்றைக் காக்க வார்டு எல்லை ஏன் போதாது?
2. குறியீடு மிதமாக இருந்தும் மாகுல் மக்கள் துன்புறக் காரணம் யாது?
3. நீங்கள் ஆலோசகரானால் கும்பார்வாடாக் குயவர்க்கு என்ன வழி கூறுவீர்கள்? ஐந்து தொடர்களில் எழுதுக.