கீசர்: வீணாகும் வெப்பமும் வாங்குபவரின் உரிமையும்

15 லிட்டர் கீசரில் 25 டிகிரி செல்சியஸில் உள்ள தண்ணீரை 60 டிகிரிக்குச் சூடேற்ற ஏறத்தாழ 0.6 யூனிட் மின்சாரமே போதும். ஆனால் சுவிட்சை அணைக்காமல் விடும் வீடுகளில், தொட்டியின் சுவர் வழியே வெளியேறும் வெப்பத்தை ஈடுகட்ட, வெப்பநிலைக்கு ஏற்ப மின்சாரத்தை இணைத்தும் துண்டித்தும் வரும் தெர்மோஸ்டாட் என்னும் கருவி காயிலை மீண்டும் மீண்டும் இயக்குவதால், எவரும் குளிக்காத வெந்நீருக்கும் கட்டணம் ஏறுகிறது. ஒரு நாளில் இவ்வாறு இழக்கப்படும் வெப்பத்தின் அளவு நட்சத்திரக் குறியீட்டு வில்லையிலேயே அச்சிடப்பட்டிருந்தும், விலையைக் கேட்பவர்கள் அந்த எண்ணைக் கேட்பதில்லை என்பது வருந்தத்தக்கது.

போர்வெல் தண்ணீர் பாயும் வீடுகளில் சிக்கல் இன்னும் ஆழமானது. கால்சியம், மக்னீசியம் உப்புகள் சூடேறும்போது பிரிந்து காயிலின் மேல் வெள்ளைப் பொருக்காகப் படிவதால், வெப்பம் தண்ணீருக்கு எளிதில் கடக்காமல் காயிலின் உறையே அளவுமீறிச் சூடாகி வெடிக்கிறது. வெப்பநிலையை 50 முதல் 60 டிகிரிக்குள் வைப்பதும், ஆண்டுக்கொருமுறை தொட்டியைத் திறந்து பொருக்கை அகற்றுவதும், தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிக்கப்பட்டு அதைக் காக்கும் மக்னீசியத் தண்டு தேய்ந்திருந்தால் மாற்றுவதும் கீசரைக் காக்கும் வழிகள்.

சிக்கனத்தைவிட உயிர் பெரிது. அழுத்தம் மிகும்போது திறந்துகொள்ளும் பாதுகாப்பு வால்வில் தண்ணீர் சொட்டுகிறது என்று அதன் வாயை அடைத்துவிடுவது, தெர்மோஸ்டாட் பழுதாகும் நாளில் தொட்டி வெடிக்க வழிசெய்யும் செயலாகும். எர்த் இணைப்பு இல்லாத கீசரை இயக்கவே கூடாது. அதனோடு 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பானும் இருப்பது அவசியம். கேஸ் கீசரை அடைத்த குளியலறையில் பொருத்தினால், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு சேர்ந்து, குளிப்பவர் உணருமுன்னே உயிரைப் பறிக்கக்கூடும்.

மின்சாரக் கீசரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாதலால், அதனுடன் உள்ள உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபார்த்த பின் வாங்குவது நல்லது. குறையுள்ள பொருளைத் தலையில் கட்டிவிட்டு, உத்தரவாதக் காலத்திலும் விற்பனையாளர் தட்டிக்கழித்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். அதிலும் தீராவிடில், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வழக்குக்கான காரணம் எழுந்த 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் கட்டணமில்லை. இதற்கு ரசீதும் உத்தரவாதச் சீட்டும் மட்டுமல்லாமல், பழுதுபார்ப்பவர் கழற்றிய காயிலும் சான்றாகும் என்பதால், அதை அவரிடம் கொடுத்துவிடாமல் வீட்டிலேயே வைத்திருக்க வேண்டும்.