தொட்டிலும் கோயிலும் அரசாங்கமும்

திருகோணமலை நகருக்கு முதன்முறையாக வருகின்ற ஒருவர் விடியற்காலையில் எழுந்து கடலோரமாக நடந்து செல்வாராயின், சிறிது நேரத்துக்குள் நான்கு சமயங்களின் ஒலிகளையும் கேட்டுவிடலாம். சுவாமி மலையின் உச்சியிலிருந்து கோணேசர் ஆலய மணியோசை எழும். பள்ளிவாசலிலிருந்து பாங்கொலி வரும். தேவாலய மணி ஒருபுறம் ஒலிக்க, விகாரையிலிருந்து பிரித் ஓதும் குரல் மறுபுறம் கேட்கும். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இம்மாவட்டத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேர் முஸ்லிம்கள். 30 பேர் தமிழர். 27 பேர் சிங்களவர். எந்த ஒரு சமூகமும் சரிபாதியைக்கூட எட்டாத மாவட்டம் இது.

இத்தகைய ஊரில் அரசாங்கம் எந்தச் சமயத்தின் பக்கம் நிற்பது? இக்கேள்வி கோயில் வாசலோடு நின்றுவிடுவதன்று. யாருடைய விவாகம் செல்லும், எந்தக் குழந்தைக்குத் தந்தையின் முதுசம் சேரும், ஒரு தாய் எப்பொழுது பிள்ளை பெறுவாள் என்பன போன்ற வீட்டுக் காரியங்களிலும் அது வந்து நுழைகின்றது. ஆதலால் இதனைக் குடும்பத்தவர் யாவரும் சிறிது ஆற அமர இருந்து சிந்திப்பது நன்று.

கோட்டை வாசலில் ஒரு கல்

கோணேசர் ஆலயத்துக்குச் செல்வோர் பிரட்றிக் கோட்டையின் வாசலைக் கடந்தே செல்லவேண்டும். அவ்வாசலில் இரட்டைக் கயல் பொறித்த பழைய கோயிற் கல் ஒன்றை இன்றும் காணலாம். 1620களில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீன் டி சா அம்மலையிலிருந்த புராதன ஆலயத்தை இடிப்பித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டுவித்தான். 1950இல் நிலத்தை அகழ்ந்தபோது பழைய விக்கிரகங்கள் சில கிடைத்தன. 1963இல் புதிய ஆலயத்துக்குக் குடமுழுக்கு நடைபெற்றது. வாளேந்திய கை ஒரு சமயத்துக்குத் துணை நின்றால் மற்றைச் சமயத்துக்கு என்ன நேரும் என்பதற்கு அக்கல் ஒன்றே போதிய சாட்சியாகும்.

இதற்கு நேர்மாறான சாட்சியொன்றும் இதே மாவட்டத்தில் உண்டு. பெரியகுளத்துக்கு அண்மையிலுள்ள வெல்கம் விகாரை 11ஆம் நூற்றாண்டில் இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்றிருந்தது. அங்கே தமிழ்ச் சாசனங்கள் பல கிடைத்துள்ளன. சைவர்களான சோழ மன்னரின் ஆட்சிக்காலத்தில் ஒரு பௌத்தப் பள்ளி மன்னனின் பெயரையே தாங்கி நின்றது. தமிழர் அதற்குத் தானங்கள் வழங்கினர். சமயம் வேறு, செங்கோல் வேறு என்ற உணர்வு நம் முன்னோருக்கு முற்றிலும் அந்நியமானதன்று என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

ஞானஸ்நானம் இல்லையேல் முதுசம் இல்லை

போர்த்துக்கேயருக்குப் பின்வந்த ஒல்லாந்தர் கோயில்களை இடிப்பதைக் காட்டிலும் நுட்பமான வழியொன்றைக் கைக்கொண்டனர். புரட்டஸ்தாந்து சபையே அவர்களுடைய அரசாங்கத்தின் சபை. அச்சபையில் ஞானஸ்நானம் பெற்று, அதன் பதிவேட்டில் எழுதப்பட்ட விவாகமே சட்டத்தின் முன் செல்லுபடியாகும். அங்ஙனம் பதியப்படாத தம்பதியரின் பிள்ளைகள் முறை தவறிப் பிறந்தோராக எண்ணப்பட்டனர்; பெற்றோரின் காணி பூமிக்கு உரிமை கோர அவர்களால் இயலாது.

விளைந்தது யாது? சைவரும் கத்தோலிக்கரும் தங்கள் பிள்ளைகளின் உரிமையைக் காக்கும்பொருட்டுச் சபைக்குச் சென்று பெயரைப் பதிவித்துவிட்டு, வீடு திரும்பித் தத்தம் தெய்வத்தையே வணங்கினர். அரசாங்கம் ஒரு சமயத்துக்குக் கொடுத்த சலுகை அச்சமயத்துக்குப் பக்தர்களைத் தரவில்லை. பொய் சொல்வோரையே தந்தது. ஒல்லாந்தர் ஆட்சி நீங்கியதும் அப்பதிவேட்டுக் கிறிஸ்தவர்கள் காற்றிற் கரைந்த கற்பூரம் போல மறைந்தனர்.

பிரித்தானியர் காலத்தில், 1806இல், தேசாதிபதி மெயிற்லண்ட் பிறப்பித்த ஒழுங்குவிதி கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கியது. அவர்களுடைய சமய முறைப்படி நடந்த விவாகங்களையும் சட்டம் ஏற்றுக்கொண்டது. ஆயினும் அங்கிலிக்கன் குருமாருக்கு மக்களின் வரிப்பணத்திலிருந்து வேதனம் வழங்கப்பட்டு வந்தது. கோணேசர் அடியாரும் கிண்ணியா மீனவரும் கட்டிய வரியில் ஒரு பங்கு, தாம் அடியெடுத்து வைக்காத தேவாலயத்துக்குச் சென்றது என்று சொல்லலாம். 1881இல் அம்மானியத்தை நிறுத்த முடிவாயிற்று. இலங்கையில் சபையும் அரசும் பிரிந்தது அவ்வாண்டிலேயே எனலாம்.

சுதந்திரத்தின் பின்

சுதந்திர இலங்கையின் முதல் அரசியலமைப்பு, 29ஆம் பிரிவின் மூலம், எந்தச் சமயத்தின் அனுட்டானத்தையும் தடைசெய்யும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என்றும், ஒரு சமூகத்துக்கு மட்டும் சலுகை அளிக்கலாகாது என்றும் விதித்தது. 1972இல் வந்த குடியரசு அரசியலமைப்பில் அப்பிரிவு இடம்பெறவில்லை; பௌத்தத்துக்கு முதன்மை இடம் வழங்கப்பட்டது. 1978இன் அரசியலமைப்பும் 9ஆம் உறுப்புரையில் அதனையே கூறுகின்றது. 10ஆம் உறுப்புரை சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் சமயத்துக்குமான சுதந்திரத்தை ஒவ்வொருவருக்கும் உறுதி செய்கின்றது. இவ்விரண்டு உறுப்புரைகளும் ஒரே வீட்டில் குடியிருக்கும்போது எழும் உரசலுக்கு ஓர் உதாரணம் கூறுவோம். திருச்சிலுவைக் கன்னியர் சபையொன்றைச் சட்டப்படி கூட்டிணைப்பதற்கான மசோதா 2003இல் அரசியலமைப்புக்கு முரணானது என உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. 2005இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு, அக்கன்னியரின் சமய சுதந்திரம் மீறப்பட்டதாகத் தன் கருத்தை வெளியிட்டது.

பிறரைக் குறை கூறுமுன் நம் வீட்டு முற்றத்தையும் பார்ப்பது நன்று. 2018இல் திருகோணமலை ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வருவது பற்றிப் பெருந் தகராறு எழுந்தது. கல்லூரியின் மரபைக் காக்கவேண்டும் என்றனர் பெற்றோர் பலர். தன் உடை தன் சமய உரிமை என்றனர் ஆசிரியைகள். மரபின் மீது பற்று வைப்பது குற்றமன்று. ஆயினும் அரசாங்கச் சம்பளம் பெறும் ஓர் ஆசிரியையின் உடையைப் பெரும்பான்மையோரின் விருப்பம் தீர்மானிக்கலாம் என்று இங்கே நாம் ஒப்புக்கொண்டால், வேறோர் ஊரில் நம் பெண்ணின் பொட்டை மற்றொருவர் தீர்மானிக்கும்போது எந்த நியாயத்தை எடுத்துரைப்போம்?

தாய்மாரும் சட்டமும்

இனி வீட்டுக்குள் வருவோம். 1930களில் இந்நாட்டில் ஒரு இலட்சம் பிரசவங்களுக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் உயிரிழந்தனர். இன்று அத்தொகை 50க்கும் குறைவு. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பகுதியும், அதன் வழியே ஊர்தோறும் படலை திறந்து வந்த குடும்ப நல மாதரும் இதற்குப் பெருங் காரணமாவர். 1953இல் குடும்பத் திட்டச் சங்கம் தோன்றியது; அதன் முன்னோடிகளுள் ஒருவர் டாக்டர் சிவா சின்னத்தம்பி என்ற தமிழ்ப் பெண்மணி. 1965இல் குடும்பத் திட்டம் அரசாங்கச் சுகாதார சேவையின் பகுதியாயிற்று. வீடு தேடி வரும் மாது சமயத்தை விசாரிப்பதில்லை. விரும்பிய தாய் ஆலோசனையை ஏற்றாள். தன் சமயம் தடுப்பதாக எண்ணியவள் மறுத்தாள். இருவருடைய மனச்சாட்சிக்கும் இடம் இருந்தது.

கருச்சிதைவைப் பற்றிய சட்டத்திலோ இந்தச் சமநிலை இல்லை. 1883ஆம் ஆண்டுத் தண்டனைக் கோவையின் 303ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காக்கும் நோக்கம் ஒன்றைத் தவிர வேறெந்தக் காரணத்துக்காகக் கருவைக் கலைப்பினும் குற்றம் என்கிறது. மூன்றாண்டு வரை சிறை. கருவில் உயிர்த்துடிப்பு உண்டான பின்னராயின் ஏழாண்டு வரை. பலாத்காரத்துக்கு ஆளான பள்ளிச் சிறுமிக்கும் இதுவே சட்டம். பிறந்தவுடன் இறந்துவிடும் எனத் தெரிந்த சிசுவைச் சுமக்கும் தாய்க்கும் இதுவே சட்டம். 1995இல் திருத்த முயன்றனர். அந்த வாசகம் கைவிடப்பட்டது. 2017இல் இவ்விரண்டு நிலைமைகளுக்கு மட்டும் விலக்களிக்க அமைச்சரவை இணங்கியது. கத்தோலிக்க ஆயர்கள் முதலாய சமயத் தலைவர்களின் எதிர்ப்பு எழ, அதுவும் சட்டமாகவில்லை.

கருவில் வளர்வதும் உயிரே என்று சமயப் பெரியோர் கூறுவதை நாம் ஏளனம் செய்யோம். அது ஆழ்ந்த நம்பிக்கை. அதனைப் பிரசங்க மேடையில் எடுத்துரைக்க அவர்களுக்குப் பூரண உரிமை உண்டு; அதன்படி நடக்க விரும்பும் பெண்ணுக்கும் உண்டு. அந்நம்பிக்கையைக் கொள்ளாத பெண்ணின் மீது பொலீஸாரைக் கொண்டு அதைச் சுமத்தலாமா என்பதே கேள்வி. கத்தோலிக்க சமயம் வேரூன்றிய அயர்லாந்தும் இக்கேள்வியைச் சந்தித்தது. 1983இல் அந்நாடு கருவிலுள்ள சிசுவின் உயிருரிமையை அரசியலமைப்பிலேயே எழுதியது. 2012இல் சவிதா ஹலப்பனவர் என்ற இந்தியப் பல் வைத்தியர், கரு சிதையத் தொடங்கிய நிலையில் வைத்திய உதவி வேண்டினார். சிசுவின் இதயம் துடிப்பதைக் காரணங்காட்டி அது மறுக்கப்பட, கிருமித் தாக்கத்தால் உயிர் நீத்தார். 2018இல் மக்கள் வாக்களித்து அப்பிரிவை நீக்கினர். வாக்களித்தவருள் கோயிலுக்குச் செல்வோரும் இருந்தனர். அவர்கள் விசுவாசத்தைத் துறக்கவில்லை, சட்டத்தையே திருத்தினர்.

மறுபுறமும் உண்டு

பிள்ளை பெறும்படி வற்புறுத்துவது எத்துணைத் தவறோ, பெறாதபடி தடுப்பதும் அத்துணைத் தவறாகும். 2013இல் கிளிநொச்சி மாவட்டக் கிராமங்கள் சிலவற்றில் தமிழ்த் தாய்மாருக்கு அவர்கள் மனமொப்பாமலே கருத்தடைச் சாதனம் பொருத்தப்பட்டதென்ற குற்றச்சாட்டு எழுந்தது. 2018இல் நமது கிழக்கு மாகாணத்தைச் சேர்ந்த அம்பாறையில், முஸ்லிம் உணவுக்கடையில் மலடாக்கும் மாத்திரை கலக்கப்படுவதாக வதந்தி பரவ, கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பரிசோதனையில் அது வெறும் மாக்கட்டி எனத் தெரிந்தது. சமூகங்கள் தலை எண்ணிப் போட்டியிடும்போது முதலில் போர்க்களமாவது பெண்ணின் வயிறே.

1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தையும் இங்கே நினைக்கவேண்டும். ஏனையோருக்கு விவாக வயது 1995இல் 18 ஆயிற்று. இச்சட்டமோ 12 வயதுக்குட்பட்ட சிறுமிக்குக்கூடக் காதியாரின் அனுமதியுடன் விவாகம் செய்விக்க இடம் வைத்தது. மணமகள் கையொப்பமிடும் தேவையையும் அது விதிக்கவில்லை. அடிப்படை உரிமைக்கு முரணாயினும் பழைய சட்டங்கள் செல்லும் என்று அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை கூறுவதால் நீதிமன்றக் கதவும் அடைபட்டது. இதனைத் திருத்தும்படி பல்லாண்டுகளாக முன்னின்று கேட்டவர்கள் வேறு யாருமல்லர். தொழுகை தவறாத முஸ்லிம் பெண்களே. சமயத்தைக் காப்பதாகக் கூறும் அரசாங்கம் அச்சமயத்துப் பெண்களின் குரலையே கேளாது போவதுண்டு என்பதற்கு இது நல்ல சான்று.

மாலுமி வழிகாட்டியின் தொழில்

சமயமும் அரசும் பிரிந்து நிற்றல் என்றால் தெய்வ நிந்தனை என்று சிலர் அஞ்சுகின்றனர். திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தால் அவ்வச்சம் தீரும். கப்பல் எந்நாட்டுக் கொடியோடு வரினும், வழிகாட்டி அதில் ஏறி, பாறையில் மோதாமல் துறைக்குள் கொண்டுவந்து விடுகின்றார். அது எங்கே போகவேண்டும் என்று அவர் தீர்மானிப்பதில்லை. ஒரு கப்பலுக்கு வழிகாட்டி மற்றொன்றைப் பாறையில் விடுவதுமில்லை. அரசாங்கத்தின் தொழிலும் அதுவே.

அடுத்தமுறை பிள்ளைகளோடு கோணேசரைத் தரிசிக்கச் செல்லும் பெற்றோர் கோட்டை வாசலில் ஒரு கணம் நின்று அந்தக் கயல் பொறித்த கல்லைக் காட்டுவார்களாக. நம் கோயிலை இடித்தார்கள் என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், அரசாங்கத்தின் பலத்தை எந்தச் சமயத்தின் கையிலும், நம் கையிலும்கூட, கொடுக்கலாகாது என்பதையும் சேர்த்துச் சொல்வார்களாக.