தொட்டி தயார், மீன் எப்போது?

பளிச்சென்று தண்ணீர், பச்சைப் பசேலென்று செடிகள். அப்படியும் கொளத்தூர் சந்தையில் ஆசையாக வாங்கிவந்த மீன் சில நாளிலேயே செத்துப்போகிறதே, ஏன் தெரியுமா நேயர்களே? மீன் கழிவிலிருந்து வருகிற அம்மோனியாதான் காரணம். கண்ணுக்கே தெரியாத நஞ்சு அது! அதை முதலில் நைட்ரைட்டாக, பிறகு செடிக்கு உரமாகிற நைட்ரேட்டாக மாற்றும் நல்ல பாக்டீரியாக்கள் ஃபில்டர் பஞ்சிலும் மணலிலும் பெருக ஒரு மாதத்துக்கு மேல்கூட ஆகும். அதுவரை தொட்டியில் செடி மட்டும் இருக்கட்டும். பாக்டீரியாவுக்காகத் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீவனம் போடுங்கள். நண்பர் வீட்டில் நல்லபடியாக ஓடும் பழைய தொட்டி இருக்கிறதா? அதன் ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கிப் போடுங்கள், வேலை சீக்கிரம் நடக்கும். சோதனை கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டுமே பூஜ்யம் காட்டிய பிறகு, முதலில் இரண்டொரு மீனை மட்டும் விடுங்கள்.