‘மாத்’ வருதுன்னா எந்த ‘மாத்’? பழைய குட்டி விமானங்களை அடையாளம் காண்பது எப்படி?

பிரிட்டனின் டி ஹாவிலாண்ட் நிறுவனம் 1920, 30-களில் தயாரித்த குட்டி விமானங்கள் பலவற்றுக்கு ‘மாத்’ என்றே பெயர் வைத்தது. மாத் என்றால் அந்துப்பூச்சி. பஸ் மாத், டைகர் மாத், லெப்பர்ட் மாத் எனப் பட்டியல் நீளும். இவற்றில் சில இன்றும் பறக்கின்றன. ஒரு பைலட் ரேடியோவில் வெறுமனே ‘மாத்’ என்றால், கன்ட்ரோல் டவரில் இருப்பவருக்கு எது வருதுன்னு எப்படித் தெரியும்?

நாலு எழுத்துக்குள் ஒரு விமானம்

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓ, ஒவ்வொரு விமான வகைக்கும் நான்கு எழுத்துகளுக்கு மிகாத ஒரு குறியீடு தருகிறது. எண்ணும் இதில் எழுத்தாகவே கணக்கு. ஃபிளைட் பிளானின் 9-வது கட்டத்தில் இதை எழுத வேண்டும். பஸ் மாத் என்றால் டிஎச்80, டைகர் மாத் டிஎச்82, லெப்பர்ட் மாத் டிஎச்85. பைப்பர் கப் விமானம் ஜே3; அதன் தம்பியான சூப்பர் கப், பிஏ18.

பட்டியலிலேயே இல்லாத அபூர்வ விமானம் என்றால்? அந்த இடத்தில் நான்கு ‘இசட்’ போட்டுவிட்டு, 18-வது கட்டத்தில் ‘டிஒய்பி’ என்ற தலைப்பின் கீழ் விமானத்தின் பெயரை எழுத வேண்டும்.

தப்பா எழுதினா என்ன ஆகும்?

குறியீட்டை வைத்துத்தான் வேகத்தைக் கணிக்கிறார்கள். இன்றைய பயிற்சி விமானமான செஸ்னா 172 மணிக்கு சுமார் 220 கி.மீ. வேகத்தில் பறக்கும். டைகர் மாத்தின் வழக்கமான வேகம் 150 கி.மீ.க்கும் குறைவு. முன்னால் போவது டைகர் மாத் என்று தெரியாவிட்டால், பின்னால் வரும் செஸ்னா மளமளவென நெருங்கிவிடும்.

தோற்றமும் முக்கியம். டைகர் மாத் இரண்டடுக்கு இறக்கையும் திறந்த காக்பிட்டும் கொண்டது. பஸ் மாத்துக்கு ஒற்றை இறக்கை, மூடிய கேபின். ‘மாத்தைப் பாருங்க’ என்று மட்டும் சொன்னால், இன்னொரு பைலட் வானத்தில் வேறொரு உருவத்தைத் தேடிக்கொண்டிருப்பார்.

இந்தியாவிலும் மாத்

1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தது பஸ் மாத்தில். 50 ஆண்டுகள் கழித்து, 1982-ல் அதே பாதையில் மறுபடி பறந்தபோது அவர் ஓட்டியது லெப்பர்ட் மாத். இரண்டும் பார்க்க ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். குறியீடு மட்டும் வேறு.

ரேடியோதான் துணை

குட்டி விமானங்கள் பல நேரம் ஃபிளைட் பிளான் கொடுக்காமலே பறக்கும். பழைய விமானங்கள் பலவற்றில் மின்சார அமைப்பே கிடையாது. எனவே தன் அடையாளத்தையும் உயரத்தையும் ரேடாருக்குச் சொல்லும் டிரான்ஸ்பாண்டரும் இருக்காது. அப்போது பைலட்டின் குரல்தான் ஆதாரம். அதனால், முதல் அழைப்பிலேயே ‘டைகர் மாத்’ என்று முழுப் பெயரைச் சொல்வது நல்லது. சந்தேகம் இருந்தால் ‘எந்த வகை?’ என்று டவர் ஒருமுறை கேட்டுவிடுவதில் தப்பே இல்லை.